பழைய சிஸ்டம் ஹார்ட் டிஸ்க்க காட்டலன்னா எங்கேர்ந்து பாக்கணும்

பழைய டெஸ்க்டாப் நேத்து வரைக்கும் நல்லா ஓடுச்சு, இன்னைக்கு ஆன் பண்ணா கருப்பு ஸ்கிரீன்ல பூட் டிவைஸ் இல்லன்னு ஒரு வரி மட்டும் வந்து நிக்குது. உடனே எல்லாரும் சொல்றது ஹார்ட் டிஸ்க் போச்சு. அப்புறம் புதுசா ஒண்ணு வாங்கி மாட்டி விண்டோஸ் ஏத்திடுவாங்க, பழைய டிஸ்க் ஒரு கவர்ல சுத்தி அலமாரிக்குள்ள போயிடும், அதுல இருந்த கல்யாண போட்டோ, குழந்தைங்க வீடியோ, கடைக் கணக்கு எல்லாம் அதோட போச்சு. எனக்கு இது தாங்கவே முடியாத விஷயம், ஏன்னா அப்படி ஓரங்கட்டுற டிஸ்க்ல எத்தனையோ உயிரோட தான் இருக்கும், கோளாறு கேபிள்லயோ, மதர்போர்டுல இருக்கற சின்ன செல்லுலயோ, கரண்ட் குடுக்கற பவர் சப்ளை பெட்டியான எஸ்எம்பிஎஸ்லயோ இருக்கும்.

அதனால முதல்ல டிடெக்ட் ஆகுறதுன்னா உள்ள என்ன நடக்குதுன்னு புரிஞ்சுக்கணும், அது புரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது. பவர் பட்டன அமுக்கினதும் எஸ்எம்பிஎஸ்ல இருந்து டெஸ்க்டாப் டிஸ்க்குக்கு 12 வோல்ட்டும் 5 வோல்ட்டும் போகுது, 12 மோட்டார சுத்த வைக்க, 5 டிஸ்க்கோட அடியில இருக்கற சர்க்யூட் போர்டுக்கு. மோட்டார் முழு வேகம் புடிக்கணும், டெஸ்க்டாப் டிஸ்க்னா பெரும்பாலும் நிமிஷத்துக்கு 7200 சுத்து, அதுக்கு சில நொடி ஆகும். அப்புறம் ஹெட், அதாவது டேட்டாவ படிக்கற முனை, உள்ள சுத்தற தட்டு மேல வந்து, டிஸ்க் தன்னோட ஃபர்ம்வேர்ல (தன்ன இயக்கற புரோகிராம்ல) ஒரு பகுதிய அந்த தட்டுல இருந்தே படிக்கும், அதெல்லாம் முடிஞ்சா தான் நான் ரெடின்னு சிக்னல் குடுக்கும். இப்ப மதர்போர்டுல இருக்கற பயாஸ், அதாவது ஆன் பண்ணதும் முதல்ல ஓடுற அடிப்படை புரோகிராம், டேட்டா கேபிள் வழியா நீ யாருன்னு கேக்கும், டிஸ்க் 512 பைட்ல ஒரு பதில் அனுப்பும், மாடல் பேரு, சீரியல் நம்பர், மொத்தம் எத்தனை செக்டார் (டேட்டா வைக்கற குட்டி கட்டம்) எல்லாம் அதுல தான் இருக்கு. அந்த பதில் வந்தா தான் பயாஸ் ஸ்கிரீன்ல டிஸ்க்கோட பேரு வரும். அதுக்கும் அப்புறம் விண்டோஸ் தன்னோட டிரைவர் வழியா இன்னொரு தடவை கேட்டு, டிஸ்க்க எப்படி பிரிச்சிருக்குன்னு சொல்ற பார்ட்டிஷன் டேபிள படிச்சு, சி, டின்னு எழுத்து குடுக்கும்.

இந்த வரிசையில எந்த எடத்துல அறுந்தாலும் நமக்கு ஸ்கிரீன்ல தெரியுறது கிட்டத்தட்ட ஒரே மெசேஜ் தான். நம்ம வேலை எந்த எடம்னு கண்டுபுடிக்கறது, அவ்ளோ தான்.

கேபினெட்ட தொறக்கறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு யோசிங்க, அந்த டிஸ்க்ல இருக்கறதுக்கு வேற காப்பி இருக்கா. இல்லன்னா இனிமே நீங்க எத செஞ்சாலும் டிஸ்க்ல எதையும் எழுதாத மாதிரி தான் செய்யணும், விண்டோஸ் திரும்ப ஏத்தறது, ஃபார்மட் பண்றது, ரிப்பேர்னு வர்ற பட்டன அமுக்கறது எதுவும் வேணாம்.

இப்ப காத தீட்டிக்கிட்டு கேளுங்க, இதுக்கு ஒரு டூலும் வேணாம். ஆன் பண்ணதும் டிஸ்க் பக்கத்துல மெல்ல ஒரு விர்ர்னு ஏறி நெலையா நிக்குதா, ஃபேன் சத்தத்துல கேக்கலன்னா டிஸ்க் மேல விரல் வச்சு பாத்தா அதிர்வு தெரியும். சுத்துதுன்னா பவர் போகுது, மோட்டார் நல்லாருக்கு, பாதி கவலை குறைஞ்சுது. சத்தமே இல்ல, அதிர்வும் இல்லன்னா பவர் போகல, இல்லன்னா டிஸ்க்கோட சர்க்யூட் போர்டு போச்சு. லேப்டாப் டிஸ்க்ல இருந்து மெல்லிசா பீப் பீப்னு ஒரு சத்தம் வந்தா அது ஸ்பீக்கர் இல்ல, மோட்டார் சுத்த முயற்சி பண்ணி முடியாம திணறுது, பெரும்பாலும் ஹெட் தட்டுல ஒட்டிக்கிட்டு இருக்கும். டக், டக், டக்னு ஒரே தாளத்துல தட்டி கொஞ்ச நேரத்துல அதுவே அடங்கிடுச்சுன்னா ஹெட்டால படிக்க முடியல, திரும்ப திரும்ப போய் தேடுதுன்னு அர்த்தம். இந்த கடைசி ரெண்டு சத்தமும் வந்து, உள்ள முக்கியமான டேட்டாவும் இருந்தா அங்கேயே ஆஃப் பண்ணிடுங்க, ஒரு தடவை கூட போட்டு பாக்காதீங்க, ஏன்னா ஹெட் தட்டுக்கு மேல சில நானோமீட்டர் ஒசரத்துல தான் பறக்குது, அடிபட்ட ஹெட் ஒவ்வொரு சுத்துலயும் தட்ட சொரண்டிக்கிட்டே போகும், சொரண்டுன எடத்துல இருந்தத யாராலயும் திருப்பி எடுக்க முடியாது.

சத்தம் நல்லா தான் இருக்குன்னா அடுத்து பயாஸ். ஆன் பண்ணதும் டெலீட் கீயோ எஃப்2வோ தட்டி உள்ள போங்க, ஸ்டோரேஜ் லிஸ்ட்ல உங்க டிஸ்க் பேரு இருக்கா பாருங்க. இந்த ஒரு கேள்வி தான் பாதைய ரெண்டா பிரிக்குது. பேரு இருக்குன்னா கேபிள், பவர் எல்லாம் குறைஞ்சபட்சம் வேலை செய்யுது, கோளாறு செட்டிங்லயோ விண்டோஸ்லயோ டிஸ்க்ல இருக்கற டேட்டாலயோ. பேரு இல்லன்னா ஹார்ட்வேர் பக்கம் போகணும். பேரு இருக்கு ஆனா எழுத்து கன்னாபின்னான்னு இருக்கு, இல்ல சைஸ் ஜீரோன்னு காட்டுது, அப்படி கூட வரும், டேட்டா கேபிள் சரியில்லன்னாலும் எழுத்து மாறும், டிஸ்க் தன்னோட ஃபர்ம்வேர தட்டுல இருந்து படிக்க முடியலன்னாலும் இப்படி ஆகும், கேபிள மாத்தி பாத்தும் அதே தான்னா ரெண்டாவது காரணம்.

பேரு இருக்கற பாதைய முதல்ல முடிச்சுடலாம், அதுல பழைய சிஸ்டத்துக்கே உரிய ஒரு வில்லன் இருக்கான், போர்டுல இருக்கற சிஆர்2032 செல். 3 வோல்ட் பட்டன் செல் அது, பயாஸ் செட்டிங்கையும் கடிகாரத்தையும் காப்பாத்தறது அது தான், வருஷக்கணக்கா ஆனா தீந்துடும். தீந்தா தேதி பல வருஷம் பின்னாடி போயிடும், பிரவுசர்ல எந்த சைட்ட தொறந்தாலும் செக்யூரிட்டி எரர் வரும், அதோட சேந்து பயாஸ் செட்டிங் எல்லாம் ஃபேக்டரியில இருந்த மாதிரி மாறிடும். அப்ப பூட் ஆர்டர் மாறி பென் டிரைவையோ டிவிடியையோ முதல்ல தேடும், இல்ல சாட்டா மோடு, அதாவது போர்டு டிஸ்க்கோட எந்த முறையில பேசணும்ங்கற செட்டிங், ஏஹெச்சிஐங்கற புது முறையில இருந்து ஐடிஇங்கற பழைய முறைக்கு மாறிடும். இந்த ரெண்டாவது மாற்றம் ரொம்ப பேர ஏமாத்துது, டிஸ்க் பயாஸ்ல தெரியும், விண்டோஸ் லோகோ கூட வரும், அப்புறம் நீல ஸ்கிரீன்ல 7Bன்னு முடியற ஒரு எரர் கோடு காட்டி ரீஸ்டார்ட் ஆகிடும். இதுக்கு விண்டோஸ் திரும்ப ஏத்தணும்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. சாட்டா மோட முன்னாடி இருந்தபடி மாத்துங்க, எது இருந்துச்சுன்னு தெரியலன்னா ஒண்ணுல வச்சு பாருங்க, வரலன்னா இன்னொண்ணு, டிஸ்க்ல ஒண்ணும் அழியாது. ஒரே ஒரு எச்சரிக்கை, அந்த சிஸ்டத்துல ரெண்டு டிஸ்க்க சேத்து ரெய்டு போட்டிருந்தா மட்டும் ரெய்டுங்கற மோட தவிர வேற எதுலயும் வைக்காதீங்க. அப்புறம் செல்ல மாத்திடுங்க, இல்லன்னா அடுத்த தடவை ப்ளக்க புடுங்கினதும் இதே கதை தான்.

விண்டோஸ் வேற டிஸ்க்ல இருந்து வந்துடுச்சு, பழைய ரெண்டாவது டிஸ்க் மட்டும் மை கம்ப்யூட்டர்ல காணோம்னா விண்டோஸ்லயே இருக்கற டிஸ்க் மேனேஜ்மென்ட்ட தொறந்து பாருங்க. அங்க பார்ட்டிஷன் நல்லாருந்து எழுத்து மட்டும் இல்லன்னா ரைட் கிளிக் பண்ணி ஒரு எழுத்து குடுத்தா போதும், வந்துடும். ஆனா இனிஷியலைஸ் பண்ணவான்னு கேட்டாலோ, ஃபார்மட் பண்ணவான்னு கேட்டாலோ வேணாம்னு சொல்லி மூடிடுங்க, விண்டோஸுக்கு பார்ட்டிஷன் டேபிள் புரியலன்னு தான் அர்த்தம், உள்ள ஃபைல் எல்லாம் அப்படியே இருக்க வாய்ப்பு ரொம்ப அதிகம்.

சரி, பயாஸ்லயே பேரு இல்ல. மெயின் ப்ளக்க சுவத்துல இருந்து கழட்டுங்க, பவர் பட்டன சில நொடி அமுக்கி புடிச்சு மிச்ச கரண்ட வெளியேத்துங்க, கேபினெட்டோட பெயின்ட் இல்லாத இரும்ப ஒரு தடவை தொட்டுட்டு வேலைய ஆரம்பிங்க. இதுல ஒரே விதி, ஒரு நேரத்துல ஒண்ண மட்டும் மாத்தணும், மாத்தி ஆன் பண்ணி பாக்கணும். கேபிள், போர்ட், பவர் மூணையும் ஒரே மூச்சுல மாத்திட்டா வேலை செஞ்சாலும் எதுல கோளாறுன்னு தெரியாம போயிடும், ரெண்டு வாரத்துல அதே கேபிள் வேற டிஸ்க்குக்கு போய் அங்க வம்பு பண்ணும்.

சாட்டா டிஸ்க்னா, அதாவது மெல்லிசான டேட்டா கேபிள் வர்ற டிஸ்க்னா, அந்த கேபிள் தான் முதல் சந்தேகம். சின்ன 7 பின் கனெக்டர், அந்த கேபிள் கனெக்டர் சுமார் 50 தடவை கழட்டி மாட்டறதுக்குன்னு தான் வடிவமைச்சது, பழைய கேபிள்ல கிளிப் கூட இருக்காது, ஃபேன் அதிர்வுலயே மெல்ல மெல்ல வெளிய வந்துடும். ரெண்டு பக்கமும் கழட்டி மாட்டுங்க, சரி ஆகலன்னா வேற கேபிள், அதுக்கப்புறம் போர்டுல வேற போர்ட். போர்ட் மாத்தும்போது கவனிங்க, நிறைய போர்டுல எல்லா சாட்டா போர்ட்டும் ஒரே சிப்ல இருந்து வர்றதில்ல, ஓரத்துல வேற கலர்ல ஒண்ணு ரெண்டு இருந்தா அது தனி கன்ட்ரோலரா இருக்கலாம், பயாஸ்ல அத எனேபிள் பண்ணலன்னா அதுல எத மாட்டினாலும் தெரியாது. 2006ல வந்த இன்டெல் ஐசிஹெச்8 சிப்ல இருந்து இன்டெல் தன்னோட டெஸ்க்டாப் சிப்செட்ல ஐடிஇயையே, அதாவது சாட்டாவுக்கு முன்னாடி இருந்த அகல கேபிள் இணைப்பையே, எடுத்துடுச்சு, அதுக்கப்புறம் வந்த போர்டுல ஒரு ஐடிஇ சாக்கெட் இருந்தா அது ஜேமைக்ரான் மாதிரி தனி சிப்போட புண்ணியம், செல் தீந்து செட்டிங் மாறினா அந்த சாக்கெட்ல இருக்கற டிஸ்க்கோ டிவிடியோ மட்டும் மாயமாகிடும்.

ஐடிஇ டிஸ்க் வச்சிருக்கறவங்களுக்கு கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா இது தெரிஞ்சவங்க இப்ப குறைஞ்சுட்டாங்க. அகல பட்டை கேபிள், 40 பின், ஒரு கேபிள்ல ரெண்டு டிஸ்க் வரைக்கும். ரெண்டும் ஒரே வழியில பேசறதால ஒண்ணு மாஸ்டர் இன்னொண்ணு ஸ்லேவ்னு பின்னாடி இருக்கற குட்டி ஜம்பர்ல (ரெண்டு பின்ன சேக்கற சின்ன மூடி) செட் பண்ணணும், ரெண்டும் மாஸ்டரா இருந்தா ஒண்ணுமே தெரியாம கூட போகும். 80 ஒயர் இருக்கற பின்னாளைய கேபிள்ல நீல கனெக்டர் போர்டுக்கு, கருப்பு கடைசியில மாஸ்டருக்கு, நடுவுல இருக்கற சாம்பல் கலர் ஸ்லேவுக்கு. ஒரே டிஸ்க்னா கடைசி கருப்புல தான் மாட்டணும், நடுவுல மாட்டி மிச்ச கேபிள தொங்க விட்டா சிக்னல் அந்த முனையில மோதி திரும்பி வந்து குழப்பும். கேபிள் ஓரத்துல இருக்கற சிவப்பு கோடு 1ஆம் நம்பர் பின், டிஸ்க்ல அது வழக்கமா பவர் கனெக்டர் பக்கம் வரும். மாட்டறதுக்கு முன்னாடி டார்ச் அடிச்சு பின் எதாவது வளைஞ்சிருக்கான்னு பாருங்க. இதுல ஒரு சூட்சுமம், பழைய வெஸ்டர்ன் டிஜிட்டல் ஐடிஇ டிஸ்க் பலதுல தனியா இருந்தா ஒரு ஜம்பர் நிலை, கூட ஸ்லேவ் இருந்தா வேற நிலை, அதனால அதே கேபிள்ல இருந்த டிவிடி டிரைவ வேணாம்னு கழட்டி போட்டதும் நல்லாருந்த டிஸ்க்கும் சேந்து காணாம போகும், ஜம்பர தனி டிஸ்க் நிலைக்கு மாத்தினா திரும்ப வந்துடும். லேபிள்லயே படம் போட்டிருக்கும். கேபிள் வேணும்னா ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி எடத்துல பழைய சாமான் விக்கறவங்க கிட்ட கேட்டு பாருங்க, இல்ல தூக்கி போட வச்சிருக்கற எதாவது ஒரு பழைய சிபியு போதும்.

பவர் விஷயத்துக்கு வருவோம். 3.5 இன்ச் டிஸ்க் நின்ன எடத்துல இருந்து சுத்த ஆரம்பிக்கும்போது 12 வோல்ட்ல 2 ஆம்பியர் பக்கம் இழுக்கும், ஓட ஆரம்பிச்சதும் அது ரொம்ப குறைஞ்சுடும். பத்து பன்னெண்டு வருஷம் ஓடுன எஸ்எம்பிஎஸ்ல கரண்ட சேத்து வச்சு சீரா குடுக்கற கெப்பாசிட்டர் காஞ்சு போயிருந்தா அந்த முதல் இழுப்ப தாங்காது. டிவிடி, ரெண்டாவது டிஸ்க் எல்லாத்தோட பவர் ஒயரையும் கழட்டிட்டு ஒத்த டிஸ்க்க மட்டும் வச்சு ஆன் பண்ணுங்க, அப்ப வந்துச்சுன்னா சந்தேகம் எஸ்எம்பிஎஸ் மேல தான். மல்டிமீட்டர் புழங்க தெரிஞ்சவங்க 4 பின் மோலக்ஸ்ல (எஸ்எம்பிஎஸ்ல இருந்து வர்ற பழைய பவர் கனெக்டர்) மஞ்சளுக்கும் கருப்புக்கும் நடுவுல 11.4ல இருந்து 12.6க்குள்ள, சிவப்புக்கும் கருப்புக்கும் நடுவுல 4.75ல இருந்து 5.25க்குள்ள வருதான்னு பாக்கலாம், ரெண்டு ப்ரோபும் ஒண்ணோட ஒண்ணு உரசாம பாத்துக்கோங்க. அப்படியே போர்டையும் ஒரு பார்வை பாருங்க, 2000களோட முதல் பாதியில வந்த நிறைய போர்டுல மோசமான கெப்பாசிட்டர் இருந்துச்சு, தலை உப்பி, பழுப்பா கசிஞ்சிருந்தா டிஸ்க்க குத்தம் சொல்லி பிரயோஜனம் இல்ல.

ரொம்ப குழப்பறது சில நேரம் தெரியும் சில நேரம் தெரியாதுங்கற கேஸ். காலையில முதல் தடவை ஆன் பண்ணா இல்ல, ரீஸ்டார்ட் அடிச்சா வந்துடுது. டிஸ்க் வேகம் புடிக்க நேரம் எடுக்குது, பயாஸ் அவசரப்பட்டு கேட்டுட்டு பதில் வரலன்னு போயிடுது, ரீஸ்டார்ட் பண்ணும்போது டிஸ்க் ஏற்கனவே சுத்திட்டிருக்கறதால உடனே பதில் சொல்லுது. பயாஸ்ல குயிக் பூட்ட ஆஃப் பண்ணுங்க, டிஸ்க்குக்காக காத்திருக்கற நேரம்னு ஒரு செட்டிங் இருந்தா கூட்டி வைங்க. அதுல சரி ஆச்சுன்னா கூட சந்தோஷப்பட்டு விட்டுடாதீங்க, எஸ்எம்பிஎஸ்ஸோ டிஸ்க் மோட்டாரோ தளர்ந்து வருதுன்னு அது குடுக்கற முன்னறிவிப்பு. ஓடிக்கிட்டு இருக்கும்போதே நடுவுல காணாம போனா கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மாதிரி ஒரு சாஃப்ட்வேர்ல ஸ்மார்ட் லிஸ்ட்ட, அதாவது டிஸ்க் தன்னோட நிலைமைய தானே குறிச்சு வைக்கற பட்டியல, பாருங்க. அதுல 199ஆம் எண், அதாவது டேட்டா வழியில கெட்டு வந்தத எண்ணுற சிஆர்சி எரர், ஏறிக்கிட்டே போனா குத்தம் பெரும்பாலும் கேபிள்ல. ஆனா அந்த எண்ணிக்கை எப்பவும் குறையாது, அதனால கேபிள் மாத்தின பிறகு இன்னும் ஏறுதான்னு மட்டும் பாருங்க. கெட்ட செக்டார எண்ணுற 5ஆம் எண்ணும் 197ஆம் எண்ணும் ஏறினா தட்டு கெட்டுட்டு வருது, அதுக்கு கேபிள் மருந்து ஆகாது. எக்ஸ்பி காலத்து ஐடிஇ மெஷின்ல இன்னொரு அறிகுறியும் உண்டு, ஆறு தடவை எரர் சேந்தா விண்டோஸ் அந்த டிஸ்க்க வேகமான டிஎம்ஏல இருந்து மெதுவான பிஐஓ மோடுக்கு எறக்கிடும், சிஸ்டம் திடீர்னு நகரவே மாட்டேங்குதுன்னு புலம்பறவங்க அடுத்து டிஸ்க் காணோம்னு வருவாங்க.

டிஸ்க் சுத்துது, சத்தம் சுத்தமா இருக்கு, கேபிள் பவர் எல்லாம் மாத்தியாச்சு, வேற சிஸ்டத்துலயும் பயாஸ்ல தெரியல, இப்படியும் நடக்கும். 2008 கடைசி, 2009 ஆரம்பத்துல சீகேட் பாரகுடா 7200.11 டிஸ்க் பலதுக்கு இதே தான் ஆச்சு, தட்டும் ஹெட்டும் நல்லா இருந்துச்சு, ஃபர்ம்வேர் கோளாறால டிஸ்க் எப்பவும் பிஸின்னே சொல்லிக்கிட்டு பதில் குடுக்காம நின்னுடுச்சு, சீகேட் அப்புறம் ஃபர்ம்வேர் அப்டேட் விட்டாங்க. அந்த மாடல் இன்னும் யாரு வீட்டு அலமாரியிலயாவது செத்துப் போச்சுன்னு கிடந்தா தூக்கி போடாதீங்க, டேட்டா ரெக்கவரி பண்றவங்களுக்கு இது பழகின வேலை.

பழைய போர்டுல கொஞ்சம் புது டிஸ்க்க மாட்டி தெரியலன்னா அது வேற கதை. 2003, 2004 வாக்குல வந்த வியா விடி8237 சிப் இருக்கற போர்டு 3 ஜிகாபிட் சாட்டா டிஸ்க்கோட வேகத்த பேசி ஒத்துக்க தெரியாம முழிக்கும், டிஸ்க் பின்னாடி ஜம்பர் போட்டு 1.5க்கு எறக்கினா தெரியும். அதுக்கும் பழைய ஐடிஇ மெஷின்ல 137 ஜிபிக்கு மேல பயாஸுக்கும், சர்வீஸ் பேக் போடாத எக்ஸ்பிக்கும் தெரியாது, 28 பிட்ல எண்ணுனா அவ்ளோ தான் எண்ண முடியும். இப்ப வர்ற பெரிய டிஸ்க் சிலதுல சாட்டா பவரோட 3ஆம் பின்ல 3.3 வோல்ட் வந்தா டிஸ்க் சுத்தவே சுத்தாம காத்திருக்கும், பழைய எஸ்எம்பிஎஸ் அந்த பின்ல எப்பவும் 3.3 குடுத்துக்கிட்டே இருக்கும், நீங்க டிஸ்க் டெட்டுன்னு திருப்பி குடுத்துடுவீங்க. மோலக்ஸ்ல 3.3 கிடையாது, அதுல இருந்து ஒரு மாத்தி கேபிள் போட்டா ஓடும், ஆனா பிளாஸ்டிக்க உருக்கி ஊத்தி மூடுன மாதிரி இருக்கற மலிவான மாத்தி வேணாம், உள்ள ஒயர் ஒண்ணோட ஒண்ணு ஷார்ட் ஆகி எரிஞ்ச கதை நிறைய இருக்கு.

எல்லாம் பாத்தும் புரியலன்னா டிஸ்க்க கழட்டி யூஎஸ்பி அடாப்டர்ல வேற கம்ப்யூட்டர்ல போட்டு பாருங்க, 3.5 இன்ச்னா தனி 12 வோல்ட் பவர் வர்ற அடாப்டரா இருக்கணும். அங்க தெரிஞ்சா டிஸ்க் நிரபராதி.

எந்த வழியில திரும்ப வந்தாலும் முதல் வேலை காப்பி எடுக்கறது, கேபினெட்ட மூடறது கூட அப்புறம். முக்கியமானது முதல்ல, படம் பாட்டு எல்லாம் கடைசியில. படிக்க திணறுதுன்னா விண்டோஸோட ரிப்பேர் டூலான செக்டிஸ்க்க ஓட்டாதீங்க, அது டிஸ்க்ல எழுதும், லினக்ஸ் பென் டிரைவ்ல பூட் பண்ணி ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூங்கற புரோகிராம் வச்சு முழு டிஸ்க்கையும் வேற டிஸ்க்குக்கு இமேஜா, அதாவது அச்சு அசலா ஒரே நகலா, எடுங்க, அது நல்லா படிக்கற எடத்த முதல்ல அள்ளிட்டு கெட்ட எடத்துக்கு கடைசியில திரும்பி வரும்.

ஃப்ரீசர்ல வச்சா வந்துடும்னு இன்னும் சொல்றாங்க, வெளிய எடுத்ததும் தட்டு மேல ஈரம் பூக்கும், அதோட முடிஞ்சுது. அதே மாடல் டிஸ்க் வாங்கி சர்க்யூட் போர்ட மட்டும் மாத்தறதும் ரொம்ப பழைய டிஸ்க்ல நடந்திருக்கலாம், பின்னாடி வந்த டிஸ்க்ல அந்தந்த தட்டுக்கும் ஹெட்டுக்கும் அளந்து வச்ச கணக்கு போர்டுல இருக்கற ரோம் சிப்ல இருக்கு, அந்த சிப்ப எடுத்து புது போர்டுல சால்டர் பண்ணாம வேலை செய்யாது. ரெக்கவரிக்கு குடுக்கறதா இருந்தா என்ன சத்தம் வந்துச்சு, கடைசியா என்ன செஞ்சீங்க, யாராவது ஏற்கனவே தொறந்தாங்களான்னு ஒரு பேப்பர்ல எழுதி டிஸ்க்கோட குடுங்க, தூசி இல்லாத அறை அவங்க கிட்ட இருக்கான்னு கேளுங்க, பாக்கறதுக்கு மட்டும் எவ்ளோ, டேட்டா வரலன்னா எவ்ளோன்னு முன்னாடியே பேசி வாங்கிக்கோங்க.